பல்லில் பிடித்த நூல்

நூலக்காவுக்கு ஐம்பது முடிந்து ஐம்பத்தொன்று நடக்கிறது. இதை அவள் காதுபடச் சொல்லிவிட்டு, இருக்கிற புருவத்தோடு வீடு போய்ச் சேரலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பியூட்டி பார்லர் அவளுடையது. இரண்டு நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி, முகம் கழுவ ஒரு தொட்டி, தெருவைப் பார்த்த ஜன்னல். ஃபேஷியல், தலைக்குச் சாயம் எல்லாம் உண்டு. ஆனால் அவளைத் தேடி வருகிறவர்கள் புருவத்துக்காகத்தான் வருகிறார்கள்.

வேலை செய்கிற விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் நிறுத்திக் கேட்கக் கூடாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மிச்சத்தை இரண்டு கை விரல்களில் மாட்டி, நடுவில் முறுக்கு விடுவாள். விரலை விரித்தால் முறுக்கு ஓடும், ஓடுகிற வழியில் சிக்குகிற முடி வேரோடு வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தன் இமையையும் நெற்றியையும் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நூல் பல்லில் இருப்பதால் அக்கா முகத்துக்கு மேல் முகமாகக் குனிந்தாக வேண்டும், இடையில் ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்த நிலையிலும் அவள் வாய் ஓயாது. பல்லைக் கடித்தபடி அவள் சொல்கிற ஊர்க்கதைகளை வாடிக்கைக்காரர்கள் பாதி ஊகித்துத்தான் சிரிப்பார்கள்.

நாற்பத்தாறு வயதில் போனில் எழுத்து மங்க ஆரம்பித்தது. போன் சரியில்லை என்றாள். அப்புறம் மருந்துச் சீட்டு மங்கியது. டாக்டர் கையெழுத்து எந்தக் காலத்தில் புரிந்திருக்கிறது என்றாள். அப்புறம் புருவமே மங்கியது. பல்பை மாற்றினாள், அதைவிடப் பெரிய பல்பைப் போட்டாள். கடைசியில் உட்காருகிறவர்கள் கண் கூசித் தண்ணீர் விடுகிற அளவுக்கு ஒரு விளக்கைக் கொண்டுவந்து மாட்டினாள். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் வீட்டுக்காரர், "இந்த வெளிச்சத்துல அறுவை சிகிச்சையே பண்ணலாம்மா" என்றார். அதற்காக அவர் இரண்டு நாள் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

மூக்குக்கண்ணாடி என்கிற பேச்சுக்கே இடமில்லை. அழகு பண்ணுகிறவள் மூஞ்சியிலேயே சோடாபுட்டியா என்று கேட்பாள். ஒரே ஒரு தடவை வீட்டுக்காரரின் கண்ணாடியை ஒளித்து எடுத்துவந்து போட்டுப் பார்த்தாள். குனிந்த வேகத்தில் அது மூக்கிலிருந்து வழுக்கி, சாய்ந்திருந்த ஸ்கூல் டீச்சரின் வாயருகே விழுந்தது. டீச்சர் கண்ணைத் திறந்து, "இது எனக்கா?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற பிள்ளை, அம்மாவைத்தான் கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது நிச்சயமாவதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே, தொட்டிலில் கிடந்த குழந்தையின் நெற்றியில் விரலை ஓட்டி, இந்தப் புருவத்தை இவள் கல்யாணத்தன்று நான்தான் எடுப்பேன் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். நிச்சயம் முடிந்தபின் ஒரு நாள் மதியம் பார்லரில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பேச்சை எடுத்தாள்.

"காலைல ஏழு மணிக்கே உக்காந்துடு. வில்லு மாதிரி வெச்சு விடறேன்."

மகள் போனைப் பார்த்துக்கொண்டே, "அத்தை பண்ணட்டும்மா" என்றாள்.

அத்தை என்றால் அக்காவின் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, இரண்டாவது நாற்காலிக்குச் சொந்தக்காரி, வாய் திறந்து பேசுவதே அபூர்வம். தொட்டியருகே துண்டு பிழிந்துகொண்டிருந்தவள் பிழிவதை நிறுத்திவிட்டாள்.

"ஏன், எனக்கென்ன கை விளங்கலையா?"

"கை நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான்மா. நீ பாதி முடியை வேரோட எடுக்கறதில்ல, நடுவுல அறுத்து விட்டுடறே. அதையெல்லாம் அத்தைதான் முகம் துடைக்கிற சாக்குல பிளக்கர் வெச்சு எடுக்கறாங்க. ரெண்டு வருஷமா. உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் துண்டைப் பார்த்தாள். முகம் துடைக்க இவ்வளவு நேரமா, தரை துடைக்கிறாயா என்று இந்த இரண்டு வருஷமாக அவளை விரட்டாத நாளில்லை. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. வந்தது வெட்கம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், பிறகு திறந்தாள்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். டாக்டர் இளவயசுக்காரர், அக்கா கண்ணுக்குப் புருவம் கொஞ்சம் காடு மாதிரி.

"கண்ணாடி போடுன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர். ஆபரேஷன் இருந்தா சொல்லுங்க, இந்த வாரமே படுத்துக்கறேன். அடுத்த மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

"கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கும்மா" என்று டாக்டர் நிதானமாக ஆரம்பித்தார். "சின்ன வயசுல அது வளைஞ்சு கொடுக்கும், கிட்டத்துல இருக்கறதும் தெரியும். வயசாக ஆக விறைச்சுப் போயிடும். எல்லாருக்கும் வர்றதுதான். அதைத் திரும்ப இளசாக்கற வித்தை எங்ககிட்ட இல்ல. ஆனா வேற வழி இருக்கு. ஒண்ணு, லேசர். ஒரு கண்ணைத் தூரத்துக்குன்னு விட்டுட்டு, இன்னொரு கண்ணைக் கிட்டத்துக்குன்னு திருத்தி வைக்கறது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க மூளை பழகிக்கணும். எல்லாருக்கும் பழகாது. வயசு ஏற ஏற அதுவும் பத்தாமப் போகலாம்."

"என் மூளை பழகிடும். இன்னொண்ணு?"

"இருக்கற லென்ஸை எடுத்துட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கறது. கண்புரைக்குச் செய்வாங்களே, அதேதான். கிட்டத்துலயும் தூரத்துலயும் தெரியற மாதிரி லென்ஸ் இருக்கு. சிலபேருக்கு இருட்டுல விளக்கைப் பார்த்தா சுத்தி வளையம் தெரியும். எடுத்த லென்ஸைத் திருப்பி வைக்கவும் முடியாது. உங்களுக்கு இன்னும் புரை இல்ல, அதனால நான் அவசரப்படுத்த மாட்டேன். சரி, நீங்க எவ்வளவு தூரத்துல வெச்சு வேலை பார்ப்பீங்க?"

இதை வாயால் சொன்னால் புரியுமா? அக்கா எழுந்து டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, பல்லில் இல்லாத நூலைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தின் மேல் குனிந்தாள். கதவைத் திறந்த நர்ஸ் அப்படியே மூடிக்கொண்டு போய்விட்டாள். டாக்டரை மெச்ச வேண்டும். தலையை அசைக்காமலே கையை நீட்டி மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்தார்.

"இது படிக்கிற தூரம்கூட இல்லம்மா, அதுல பாதி. நான் சொன்ன வழியெல்லாம் பெரும்பாலும் படிக்கிற தூரத்துக்குத்தான் ஒத்துவரும். ஆபரேஷன் பண்ணிக்கிட்டும் இந்த வேலைக்குக் கண்ணாடி தேவைப்படலாம்."

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சரி, லேசர் பண்ணினால் எப்படியிருக்கும் என்று ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். எந்தக் கண் ஓங்கின கண், அதாவது பார்ப்பதில் எது முந்துகிறது என்று சோதித்து, அதை விட்டுவிட்டு, மற்ற கண்ணில் மட்டும் கிட்டத்துக்கான கான்டாக்ட் லென்ஸைப் போட்டு அனுப்பினார். ஒரு வாரம் போட்டுக்கொண்டு வழக்கமான வேலையெல்லாம் செய்து பார்க்கச் சொன்னார்.

பார்லருக்கு வந்து போனை எடுத்தாள். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்தாள். ஷாம்பு பாட்டில், கரண்ட் பில், கிரீம் டப்பாவின் அடிப்பக்கம். அந்த கிரீம் போன வருஷமே காலாவதியாகியிருந்தது தெரிந்ததும் படிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"வா, உக்காரு" என்று நாத்தனாரை நாற்காலியில் சாய்த்து, நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். புருவம் கரைந்து போயிற்று. திகைத்துப்போய்த் தலையைப் பின்னால் இழுத்தாள். இரண்டு சாண் தூரத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் பல்லிலிருந்து அவ்வளவு நீளத்துக்கு நூலை விட்டால் அது துவண்டது, முறுக்கு ஏறவில்லை. இழுத்ததும் முடி நடுவில் அறுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இரண்டு வருஷமாக அவள் செய்துவந்தது இதைத்தான். கண் பின்னுக்குப் போகப் போக, தன்னை அறியாமல் தலையையும் பின்னுக்கு இழுத்து, தொய்ந்த நூலால் ஊர் புருவத்தையெல்லாம் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரின் ஸ்கேல் சொன்னதும் இதையேதான்.

நாத்தனார் இமையை இழுத்துப் பிடித்தபடியே, "அண்ணி, நூலைக் கழுத்துல போட்டுக்குங்களேன்" என்றாள்.

நாத்தனார் அப்படித்தான் செய்வாள். நூலை வளையமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று வேலை பார்ப்பாள். கன்றுக்குட்டிக்குக் கயிறு கட்டினாற்போல என்று அக்கா அதை வந்தவர் போனவரிடமெல்லாம் கேலி பண்ணியிருக்கிறாள். பல்லில் பிடிக்காதவளெல்லாம் ஒரு கைகாரியா என்பது அவள் கட்சி.

அக்கா பல்லிலிருந்து நூலை எடுத்தாள்.

"ஏன்டி, எனக்குக் கண்ணு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பீங்களா அண்ணி?"

கேட்டிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எப்படிக் கட்டணும், காட்டு" என்றாள் அக்கா. இந்த மூன்று சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளோடு பழகினவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

கழுத்தில் மாட்டியதும் நூல் விண்ணென்று நின்றது. இடைவெளி இரண்டு சாண், நிமிர்ந்த உடம்பு. ஆனால் கை பழைய பழக்கத்திலேயே ஓடியது. வேகம் தப்பியது, நாத்தனாரின் நெற்றித் தோலை இரண்டு இடத்தில் கிள்ளிவிட்டது. போதாக்குறைக்கு அந்த லென்ஸ் வேறு. ஒரு கண் ஒன்று சொல்ல, மறு கண் வேறொன்று சொன்னது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள், மாடிப்படியில் இல்லாத படியில் காலை வைத்தாள். ஒரு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பழகச் சிலபேருக்கு இன்னும் நாளாகும் என்றார் டாக்டர்.

"கல்யாணத்தன்னிக்குப் படியில உருண்டா நல்லாவா இருக்கும்? ஆபரேஷனை அப்புறம் பார்த்துக்கலாம் டாக்டர். இப்போதைக்கு அந்த ஸ்கேலை எடுங்க." நூலைக் கழுத்தில் மாட்டிக் காட்டினாள். "இந்தத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுங்க."

டாக்டர் அளந்து எழுதிக் கொடுத்தார். போகிற வழியில் கண்ணாடிக் கடையில் பதினேழு ஃப்ரேம் போட்டுப் பார்த்து, கடைக்காரனை அழ வைத்து, ஒரு சிவப்பு ஃப்ரேமை எடுத்தாள். குனியாமல் நின்று வேலை பார்த்ததால் அது மூக்கை விட்டு நகரவில்லை.

கையைப் பழக்க வேண்டுமே. அந்த வேலைக்கு வீட்டுக்காரரின் கால்கள் மாட்டின. தினமும் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை அளவுக்கு முடி எடுப்பாள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு டிவி பார்ப்பார். மூன்றாவது வாரம் அவர் கால் இரண்டும் வழவழவென்று ஆகி, அரை நிக்கர் போட்டுக்கொண்டு வெளியே போக வெட்கப்பட்டார். நான்காவது வாரம் நாத்தனாரின் புருவத்தை எடுத்தாள். மகள் அத்தையின் முகத்தை ஜன்னலோரம் இழுத்துப்போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அறுந்த முடி ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். உனக்கு நான் எடுக்கட்டுமா என்று திரும்பக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை மகள் ஈரத் தலையோடு பார்லருக்கு ஏறி வந்தாள். அக்கா சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள். நாத்தனார் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து சாய்ந்தாள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், இமையையும் நெற்றியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ரெண்டும் ஒரே மாதிரி வரணும். சொல்லிட்டேன்."

அக்காவின் கை நூலைத் தேடியது. நாத்தனார்தான் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூலைக் கழுத்தில் மாட்டி, இடது புருவத்தை எடுத்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை, வால் பகுதி. ஒன்றுகூட அறுபடவில்லை. வலது புருவத்துக்கு நகர்ந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

மகளின் கண்ணோரத்தில் சன்னமாக ஒரு கோடு விழுந்திருந்தது. எப்போது விழுந்ததோ. மூக்கின் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது, அது முன்பு இருந்ததா என்றுகூட அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் தினமும் பார்த்த முகம்தான். இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு தெளிவாக அதைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது, சாயங்காலம் அது வேறு வீட்டுக்குப் போகிறது.

நூல் ஓடாததைப் பார்த்து மகள் கண்ணைத் திறந்தாள். அம்மாவின் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

"என்னம்மா, தெரியலையா?"

"தெரியுதுடி" என்றாள் அக்கா. "எல்லாம் நல்லாத் தெரியுது. கொஞ்சம் பார்த்துக்கறேன், இரு."

மகள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கையை எடுக்காமல் அப்படியே முகத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.