மைனஸ் பதினெட்டில் ஒரு ஜெபமாலை

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில், ஒன்பது வயதின் கோணல் எழுத்தில்: "வெள்ளி, காலை 10.20. அம்மாவும் அப்பாவும் உள்ளே."

அப்போது பஹ்ரைனின் மனாமாவில், குதைபியா பகுதியில் குடியிருந்தோம். அம்மா நர்ஸ். கனடாவின் சாஸ்கடூன் நகரத்திலிருந்து அவளுக்கு வேலைக்கான கடிதம் வந்திருந்தது. முதல் வருடம் அவள் மட்டும் போகவேண்டும், பிறகு நாங்கள். திங்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பஹ்ரைனைப் போலவே தட்டையான நிலம். மணலுக்குப் பதில் கோதுமை. நகரத்தின் நடுவே ஆறு, அதன்மேல் பாலம் பாலமாக. "குளிர்காலத்துல எஞ்சின் உறைஞ்சிராம இருக்க காரையே கரண்ட்ல சொருகி வைப்பாங்களாம்," என்றார் அப்பா. காரை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் ஊர்மேல் எனக்குப் பெரும் மதிப்பு வந்துவிட்டது.

அம்மாவுக்குத்தான் பயம். "நாகர்கோவில் மார்கழிக்கே எனக்கு சுவெட்டர் வேணும். நான் அங்க போயி என்னத்தச் செய்ய?"

அப்பா மீன் கிடங்கில் குளிரறை மெக்கானிக். எதையும் ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவார். லீவு நாளில் எங்களை அங்கே கூட்டிப்போனார். இருவரும் கிடங்கின் தடித்த கோட்டுகளை மாட்டிக்கொண்டு, மைனஸ் பதினெட்டு டிகிரி குளிரறைக்குள் போனார்கள். நேரம் குறிப்பது என் டியூட்டி.

"ஏட்டி, முடியலன்னா வெளிய வந்துரு. வீம்பு பிடிக்காத."

"யாரு மொதல்ல வெளிய வாராவன்னு பாப்போம்."

ஒன்பதாம் நிமிடம் கதவு திறந்தது. அப்பா! கிடங்குக் காவலரான பெஷாவர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "க்யா பாய், கலாஸ்?" என்ன அண்ணே, அவ்வளவுதானா என்று கேலி.

நான் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். மீன் பெட்டிகளுக்கு நடுவே அம்மா உதடு அசைய நின்றிருந்தாள். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் முடித்துவிட்டே வந்தாள். மணி 10.41. ஜூலை வெயிலில் நின்றும் அவள் பற்கள் தந்தியடித்தன.

"போயிருவேன்," என்றாள்.

அப்பா அவள் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

"அம்மா ஜெயித்தாள்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அவள் சாஸ்கடூனின் எத்தனையோ குளிர்காலங்களைத் தாண்டிவிட்டாள். அதே அறைக்குள் அன்றாடம் முக்கால் மணிநேரம் நின்று வேலை பார்க்கிற அப்பா, அன்று ஏன் ஒன்பதே நிமிடத்தில் வெளியே வந்தார் என்று கேட்க மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.