பிரித்த பெட்டி

திருப்பிக் கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்ததும் வீரபாகு முதலில் தடவிப் பார்ப்பது டேப்பைத்தான். அது அறுந்திருந்தால், வந்தவர் முகத்தைப் பார்க்காமலேயே பில்லைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டுவார். "பிரிச்ச பெட்டிக்குப் பத்து பர்சன்ட் புடிப்போமுங்க. நான் போட்ட சட்டமில்லீங்க, கடைச் சட்டம்."

ராசிபுரத்தில் டிவி, பிரிட்ஜ் விற்கும் கடை அது; வீரபாகு அங்கே விற்பனை ஆள். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அவர் பல வருடப் பழக்கம். தலைமுடியில் எந்நேரமும் இரண்டொரு தெர்மாகோல் மணி ஒட்டியிருக்கும். சண்டை முற்ற முற்ற அவர் குரல் இறங்கும். "ஏனுங்க, டீ சொல்லட்டுங்களா?" என்பார். கெட்ட வார்த்தையில் திட்டியவருக்கும் டீ வரும். பிடித்தம் மட்டும் குறையாது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒருநாள் புதுச்சத்திரத்துச் சௌந்திரம் டிவிப் பெட்டியோடு வந்தார். கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர். மகளும் ஒரு டிவி வாங்கி அனுப்பிவிட்டதால் இதைத் திருப்ப வந்திருந்தார். வீட்டில் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆனால் டேப் அறுந்திருந்தது.

"வாங்குன அன்னிக்கு இந்தத் தம்பிதானுங்க பிரிச்சாரு. கண்ணாடில கோடு இருக்கான்னு பாத்துக்கலாம்னு இங்கயே அறுத்தாரு" என்று வீரபாகுவைக் காட்டினார்.

முதலாளி வெங்கடாசலம் திரும்பினார். "அப்படியாப்பா?"

முந்தின மாதம்தான் ஒரு பெட்டிக்குப் பிடித்தம் போடாமல் விட்டு, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் வீரபாகு.

"ஞாபகமில்லீங்க" என்றார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சௌந்திரம் சத்தம் போடவில்லை. "சரி சாமி, புடிச்சுக்கிங்க" என்று மீதியை வாங்கிக்கொண்டு இறங்கினார். அன்று மத்தியானம் என் கடைக்கு வந்த வீரபாகு சோற்று டப்பாவைத் திறந்தார், மூடினார். "நாந்தாங்க அறுத்தேன். நல்லா ஞாபகமிருக்குதுங்க" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிடித்த தொகையைத் தன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு புதுச்சத்திரம் போனார். சௌந்திரம் வாசலில் பாயை விரித்து உட்காரச் சொன்னாராம். பணத்தைத் தொடவில்லையாம்.

"பணம் கெடக்குதுங்க தம்பி. அத்தனை பேர் முன்னால என்னப் பொய்க்காரியாக்கிட்டீங்களே. இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னங்க? அங்க சொல்லோணும்."

திரும்பி வந்தவர் இரண்டு நாள் என் கடைப் பக்கமே வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சௌந்திரத்தைத் தானே வரச் சொல்லியிருந்தார். கடை நிறையக் கூட்டம். வீரபாகு மேசையை விட்டு வெளியே வந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"மொதலாளி, இந்தம்மா சொன்னதுதாங்க நெசம். டேப்பை அறுத்தது நானுங்க. அன்னிக்கு உங்களுக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்."

வெங்கடாசலம் கூட்டத்தைப் பார்த்தார். கல்லாவைத் திறந்து தொகையை எடுத்து நீட்டினார். "அப்பறமா உங்கிட்டப் பேசிக்கறேன்" என்றார் வீரபாகுவிடம்.

வீரபாகு காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். சௌந்திரம் கூடையிலிருந்து தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார். வீரபாகு குனிந்த தலையோடு அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.