அடைப்பில் போனவர் வழி

என் தோழி வீடுகளையும் நாற்காலி மேசைகளையும் வடிவமைப்பவள். வெளிநாட்டு இதழ்களில்கூட அவள் படம் வந்திருக்கிறது. புஞ்சாக் ஆலாமில் உள்ள அவளுடைய பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஒரு மரத்தை வெட்டக் கூடாது, பழையதில் எதையும் வீசக் கூடாது என்பது அவள் பிடிவாதம். கோணல் ஆணியைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போடச் சொல்வாள். கஞ்சத்தனத்துக்கு உலகம் நல்ல பெயர் வைத்திருக்கிறது என்று கேலி செய்வேன்.

அவளுடைய அம்மா கோலா சிலாங்கூரில், மலிவுவிலை அடுக்குமாடியில் தனியாக இருந்தார். மூட்டுவலியோடு படியேறும் அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவள் ஒரு வீடு கட்டினாள். அந்த நேரம் பார்த்து, அவர்கள் முன்பு இருந்த தோட்டத்தில் லயங்களை, தொழிலாளர்களின் பலகை வரிசை வீடுகளை, இடித்தார்கள். தான் பிறந்து வளர்ந்த வீட்டின் பலகைகளையே லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவின் அறையில் ஒரு சுவர் முழுக்க அவற்றைப் பதிக்க வேண்டுமாம்.

ஆணி பிடுங்கும்போதுதான் கவனித்தேன். சில பலகைகளை ஒரே நேராக அறுத்து, மறுபடி பொருத்தியிருந்தார்கள். சேர்த்து வைத்தால் ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு வழி. வெளியிலிருந்து அடித்த ஆணிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பலகை நிற்க அத்தனை ஆணி தேவையே இல்லை. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை, சொன்னேன்.

"அறுப்பு தெரியட்டும்லா. பழச மறைக்கக் கூடாது," என்றாள்.

குடிபுகுந்த மாலை, அம்மா தன் அறையில் குத்துவிளக்கு ஏற்றினார். சன்னல்கள் சாத்தியிருந்தன, காற்றாடி ஓடவில்லை. ஆனாலும் சுடர் பலகைச் சுவரை விட்டு விலகிச் சாய்ந்தது. பலகைக்குப் பின்னால் செங்கல் சுவர், நானே பக்கத்தில் நின்று பூச வைத்தது. இடுக்கில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று காற்று வந்தது.

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நம்ம லயத்து வீடுதாம்மா."

"உங்கப்பா அடைப்புல போனாரு," என்றார் அம்மா.

ஆகாத நட்சத்திரத்தில் இறந்தவரை வாசல் வழியே எடுத்துப்போக மாட்டார்கள். சுவரைப் பிளந்து எடுத்துப்போய், போனவர் திரும்பி வராதபடி அந்த வழியை அடைத்துவிடுவார்கள். அதைத்தான் அடைப்பு என்பது.

"அப்போ நீ என் வயித்துல. உன் கண்ணுல படக் கூடாதுன்னு அலமாரிய அங்க நவுத்தி வச்சேன். நீ பிரிச்சுக் கொண்டாந்து என் தலமாட்டுல வச்சிட்ட."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அம்மா பையை எடுத்துக்கொண்டார். "இத எரிச்சிடு. இல்லன்னா நான் பிளாட்டுக்கே போறேன்."

நான் கடப்பாரை எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை அவள் கொள்கை எக்கேடோ கெடட்டும். ஆனால் அவள் நகரவில்லை. அந்த அறுப்பின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"நான் அவரப் பாத்ததே இல்லம்மா," என்றாள். "வந்தா வரட்டும்."

சுடர் இன்னும் சாய்ந்தே எரிந்தது. அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"அவருக்கு உன்ன யாருன்னு தெரியாது. நானும் இருக்கேன்," என்றார்.