புயல் கூண்டு ஏற்றினால் அலை பார்க்க வருபவர்கள்

இன்று இணையத்தில் ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார்: ஐப்பசியில் சென்னையில் செய்ய வேண்டியவை. முதலாவது, ராயபுரம் கரையில் புயல் அலை பார்ப்பது.

எழுபதுகளிலும் இதே பொழுதுபோக்குதான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும், குடையும் வேர்க்கடலையுமாகக் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு நாள், மீன்பிடிக்கப் போன அப்பா திரும்பவில்லை. கரையில் காத்திருந்த அம்மாவிடம் ஒரு பெண், "தள்ளி நில்லும்மா, பசங்களுக்கு அலை தெரியல" என்றாள்.

அம்மா தள்ளி நின்றாள்.

"இன்னாத்துக்குமா நவுர்றே?" என்றேன்.

"பாக்க வந்துகீறாங்க. பாத்துட்டுப் போவட்டும் வுடு."

சற்று நேரத்தில் அப்பாவின் கட்டுமரம், ஆளில்லாமல், அலையில் குட்டிக்கரணம் அடித்தபடி வந்தது.

அந்தப் பசங்கள் கைதட்டினார்கள்.

பட்டியலுக்குக் கீழே இப்போது எழுதிவிட்டு வந்தேன்: "அவசியம் போங்கள். யாராவது மறைத்தால் சொல்லுங்கள், தள்ளி நிற்பார்கள்."