அம்மாக்கண்ணு சொன்ன நேரம்

செந்துறைக்குத் தெற்கே ஒரு முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைப்பவள் அம்மாக்கண்ணு. முந்திரி ஓட்டின் பால் பட்டுக் கறுத்த விரல்களும், பொழுது ஏறுமுன்பே அலுத்துப்போகும் உடம்புமாக நாற்பத்தாறு வயதைக் கடந்தவள். கணவர் சாமிக்கண்ணு லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலை பார்த்தார்.

2005ஆம் ஆண்டு மாசியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவள் எழுப்பப் போனபோது, அவருக்கு வாய் கோணி, வலக்கையும் வலக்காலும் விழுந்திருந்தன. “புறா இரத்தம் தேய்க்கணும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவள் தம்பி சிங்காரவேலு அதைக் காதில் வாங்காமல் வேன் பிடித்தான். எட்டேகால் மணிக்கெல்லாம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று.

மருத்துவர் படத்தைப் பார்த்தார். “இரத்தக்குழாய்ல இரத்தம் கட்டி அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. மூணு மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா மூளைக்குள்ள இரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. மறுபடி உறையாம இருக்க மாத்திரை உண்டு. ரெண்டையும் சேத்துக் குடுக்கலாமான்னு வெளிநாட்டுல இன்னும் சோதிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. இங்க ஊசி போட்டா, ஒரு நாள் கழிச்சுத்தான் மாத்திரை. எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“அஞ்சரைக்கு சார். எங்க கண்ணு முன்னாடிதான்” என்றான் சிங்காரவேலு.

மருத்துவர் ஊசிமருந்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “கூட இருந்தது நீங்கதானே? நீங்க சொல்லுங்கம்மா.”

தம்பி அவள் முழங்கையை அழுத்தினான். அவள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

“ராத்திரி பத்து மணிக்கு நல்லாத்தான் படுத்தாருங்க. அப்புறம் நான் பாக்கல. அஞ்சரைக்குப் பாத்தப்ப இப்படிக் கெடந்தாரு.”

“அப்ப ராத்திரி பத்துலேருந்துதான் கணக்கு. மூணு மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சு” என்றார் மருத்துவர். கொண்டுவந்த மருந்து திரும்பிப் போயிற்று. அன்று அவருக்குக் கிடைத்தது ஆஸ்பிரின் மாத்திரை மட்டுமே.

வெளியே வந்ததும் தம்பி வெடித்தான். “உண்மைய நீ மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கியாக்கா? மாமா நடந்திருப்பாரு.”

“செத்திருந்தா?”

“நான் பதில் சொல்றேன்.”

“சொல்லிட்டு நீ ஒன் வூட்டுக்குப் போயிடுவ” என்றாள். அதற்குப்பின் ஓராண்டு அவன் அவளோடு பேசவில்லை.

இரண்டாண்டுகள் கழிந்தன. சாமிக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். வலக்கை மட்டும் எழவேயில்லை. நாள்தோறும் மாத்திரை கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் அவள் பாடாயின. ஒரு காலையில், அவள் தூக்கி உட்கார வைக்கும்போது, குழறிய வாயால் அவர் சொன்னார்: “அந்த ஊசி… போட்டிருக்கலாம்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

“போட்டிருக்கலாம்” என்றாள். “போட்டு நீங்க போய்ச் சேந்திருந்தா, இந்தப் பேச்சையும் நான் யாருகிட்டக் கேக்குறது? கையத் தோள்மேல போடுங்க. கொட்டகைக்கு நேரமாச்சு.”

இடக்கை மெல்ல எழுந்து அவள் தோளில் விழுந்தது. பாரமாகத்தான் இருந்தது.