வெள்ளிக்கிழமை வீடியோ

அல்போன்சாவை அந்த ஜெர்மன்காரர்கள் வீட்டில் சேர்த்துவிட்டவள் நான். அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தவளும் நான். ஆனால் பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருவில் நாலு பேர் கூடி நின்றால் போதும், அல்போன்சா குழந்தையை அடித்தாளாம், கேமராவில் மாட்டிக்கொண்டாளாம் என்று கூடவே இருந்து பார்த்ததுபோல அளக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் யாராவது அளந்தால் என் வாய்க்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் ஜெயலட்சுமி. அல்சூர் ஏரியை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையல் வேலை. அல்போன்சா எனக்கு அடுத்த தெரு. கழுத்தில் மாதா சங்கிலி, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, வேலைக்குப் போகும்போதும் இஸ்திரி போட்ட புடவை. கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்வது ஒரே வேலைதான், வெளிநாட்டுக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. கம்பெனி அவர்களை இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பெங்களூருக்கு அனுப்பும். கைக்குழந்தையோடு வந்து இறங்குவார்கள். அந்தக் குழந்தை இவள் இடுப்பில் ஏறி உட்காரும், பருப்புச் சாதம் தின்னப் பழகும், தமிழில் அடம் பிடிக்கும். பிறகு ஒருநாள் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஜப்பான்காரக் குழந்தை ஒன்று போனபோது இவளுக்குச் சோறே இறங்கவில்லை. பெற்ற மகள் ஜூலியா மட்டும் அத்தை வீட்டில் வளர்ந்தாள். அதைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்த வெளிநாட்டு மேடம்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எந்த மார்க்கெட்டில் நல்ல கீரை கிடைக்கும் என்பதிலிருந்து எந்த ஆயாவை நம்பலாம் என்பது வரை எல்லாம் அதில்தான். அல்போன்சாவைப் பற்றி அதில் ஒரு மேடம் நல்லபடியாக எழுதினால், இந்த வீட்டு வேலை முடிவதற்குள் அடுத்த வீடு காத்திருக்கும். குழந்தையை அடிப்பவள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதோடு சரி, இந்த ஊரில் ஒரு கதவும் திறக்காது. அவளிடம் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

நான் சமைக்கிற வீட்டு ஜெர்மன்கார மேடத்தின் பெயர் ஹன்னா. சார் டோபியாஸ். குழந்தை மீலா, அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். நல்ல மனுஷர்கள், குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் ஒரு பழக்கம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மேடம் போனைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் பின்னாலேயே போவாள். இந்த வாரம் மீலா என்ன தின்றாள், எந்தப் பல் முளைத்தது, மாம்பழத்தைப் பார்த்து என்ன சொன்னாள் என்று படம் பிடித்துக் கீழே ஒரு பக்கம் எழுதி, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுவிடுவாள். தூரதேசத்தில் பிள்ளை வளர்க்கிறோம், அவர்கள் கண்ணில் காட்டவாவது வேண்டாமா என்று என்னிடமே ஒருமுறை சொன்னாள். நியாயம்தான்.

அல்போன்சாவுக்கு மட்டும் அந்த வீடியோ பிடிக்காது. ஒருமுறை மேடம் போனை நீட்டி, பாருங்கள், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பெருமையாகக் காட்டினாள். மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சலும் வாந்தியும். இவள் முகம் கறுத்துப்போய்விட்டது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை குழந்தையின் கன்னத்தில் மை தொட்டுப் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். மேடம் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, குழந்தை முகத்தில் மேக்கப் எல்லாம் வேண்டாம், ப்ளீஸ் என்றாள். இவளும் ஓகே மேடம் என்று தலையாட்டினாள். அத்தோடு விட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வருஷம் மழை பிடித்த சமயத்தில்தான் வீட்டுக் காற்றே மாறியது. ஹால் அலமாரியின் மேல் தட்டில் புதிதாக ஒரு ஆந்தை பொம்மை வந்து உட்கார்ந்தது. குழந்தை கைநீட்டி அழுதும் எடுத்துக் கொடுக்கவில்லை. தூசி தட்டக்கூட என்னை விடாமல் மேடமே ஸ்டூல் போட்டு ஏறினாள். விளையாடக் கொடுக்காத பொம்மை எதற்கு? எனக்குச் சுருக்கென்றது. ஏதோ காணாமல் போயிருக்கிறது, நம்மைத்தான் சந்தேகப்படுகிறாள் என்று முடிவுகட்டினேன். கோபம் தலைக்கேறிவிட்டது. வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் ஸ்பூன், கரண்டி எல்லாவற்றையும் மேடை மேல் வரிசையாகப் பரப்பி, பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன். மேடம் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

அப்புறம் கேட் செக்யூரிட்டி நாகேஷ் என்னை நிறுத்தினான். அல்போன்சா குழந்தையை வெளியே கூட்டிப்போனால் யாரையாவது சந்திக்கிறாளா என்று மேடம் அவனிடம் விசாரித்தாளாம். ஆக, குறி நான் இல்லை. அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சாயங்காலம் அல்போன்சா செருப்பை மாட்டிக்கொண்டு போனதும், மேடம் குழந்தையை மடியில் போட்டுக் கால், முதுகு, அக்குள் என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஜெர்மன் பாஷையில் ஏதோ கேட்பாள். எனக்குப் புரிவது நடுவில் வரும் ‘அல்போன்சா’ ஒன்றுதான். குழந்தை ‘யா’ என்று சொல்லும், அவர்கள் பாஷையில் ஆமாம். உடனே மேடம் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தி, நான் இல்லாதபோது அல்போன்சாவுக்கு மீலா மேல் கோபம் வருமா என்று கேட்டாள். என்ன மேடம் பேச்சு இது, ஈ உட்கார்ந்தால்கூடப் பொறுக்க மாட்டாள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து என் கண்ணும் சும்மா இருக்கவில்லை. சந்தேகம் அப்படித்தான், ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் குழந்தையைக் குளிப்பாட்டிப் புது கவுன் போட்டுவிட்டு அறைக்குள் போனாள். அல்போன்சா நாலு பக்கமும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கை ஈரத்தோடு போய்க் கதவில் காதை வைத்தேன். குழந்தை முதலில் சிணுங்கியது. பிறகு அல்போன்சாவின் குரல், மெதுவாக:

“ஷ்ஷ்... அம்மாகிட்ட சொல்லக் கூடாது, இன்னா?”

கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவளோ எதுவும் தெரியாமல், மீலா அன்று ‘வெண்டக்கா’ என்று முழுசாகச் சொன்ன கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். இப்படிச் சிரிக்கிறவளா என்றும் தோன்றியது, சிரித்தே மறைக்கிறாளோ என்றும் தோன்றியது.

அடுத்த வாரம் சார் மத்தியானமே ஆபீஸிலிருந்து வந்துவிட்டார். வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அல்போன்சாவை ஹாலுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. ஆந்தை பொம்மைக்குள் இருந்த கேமரா பார்த்ததை லேப்டாப்பில் ஓட்டினார்கள். அவள் நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதும், கதவு சாத்துவதும் அதில் அப்படியே இருந்தது. பிறகு போட்டோக்கள். குழந்தையின் உள்ளங்காலில் ஒரு நீலக்கறுப்புத் தழும்பு. இன்னொரு வாரம் முழங்காலின் பின்பக்கம். போன வாரம் இடுப்பில். ஊரில் இருக்கும் மேடத்தின் அம்மாதான் முதலில் வீடியோவில் கண்டுபிடித்து, இது கன்றிப்போன காயம், உங்கள் ஆயா கிள்ளுகிறாள் என்று எழுதினாளாம். மேடம் ஈரத் துணியால் துடைத்தும் பார்த்திருக்கிறாள், போகவில்லை. நாலைந்து நாளில் தானாக மங்கியதாம். காயம் என்றால் அப்படித்தானே மங்கும்.

அடித்தாயா, கிள்ளினாயா என்று சார் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். அல்போன்சா வாயைத் திறக்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். செய்திருப்பாளோ என்று எனக்கே தோன்றிவிட்டது. மேடம் தரையில் மண்டியிட்டுக் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்து, அல்போன்சாவுக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். மீலா, அல்போன்சா உனக்கு வலிக்கும்படி செய்தாளா?

“யா,” என்றது குழந்தை. சொல்லிவிட்டுக் கட்டிக்கொள்ள அம்மாவிடம் கையை நீட்டியது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தினம் சாயங்காலம் இதே கேள்வி, இதே ‘யா’, இதே கட்டிப்பிடிப்பு. நான் நடுவில் புகுந்தேன். மீலா, ஜெயா ஆன்ட்டி உன்னை அடித்தாளா என்றேன். யா என்றது. அப்பா அடித்தாரா? யா. அந்த ஆந்தை அடித்ததா? அதற்கும் யா, சந்தோஷமாகக் கையையும் நீட்டியது. மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது.

நான் அல்போன்சாவின் பக்கம் திரும்பினேன். “பாத்ரூம்ல இன்னாடி பண்ணே? வாயைத் தொறந்து சொல்லித் தொலை.”

அவள் பர்ஸைத் திறந்து ஒரு கண்மைப் பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தண்ணீர் பட்டாலும் அழியாத மை வேண்டும் என்று சிவாஜிநகரில் கடை கடையாகக் கேட்டு வாங்கினாளாம். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்தால் மேடம் துடைத்துவிடுகிறாள், அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். வெளியே தெரியாமலிருக்க விரலால் லேசாக இழுத்தும் விட்டிருக்கிறாள். அதுதான் நீலம் பாரித்துக் காயம் மாதிரி நின்றிருக்கிறது. அதை முன்னாலேயே சொல்வதற்கென்ன கேடு என்று நான் கத்தினேன். அவள் என்னிடம்தான் தமிழில் சொன்னாள்.

“வேணான்னு சொன்னதை வெச்சேன், அது தப்புதான். அவுங்க அம்மா, அக்கா எல்லாம் ஆசையா பாக்கறாங்க. உங்க சொந்தக்காரங்க கண்ணு பொல்லாத கண்ணுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது?”

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பஞ்சில் தொட்டுத் துடைத்ததும், கடைசியாக இடுப்பில் வைத்தது பஞ்சோடு வந்துவிட்டது. மேடம் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓவென்று அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளை உடம்பில் அப்படி ஒரு தழும்பைப் பார்த்திருந்தால் நான் கேமரா எல்லாம் வைத்திருக்க மாட்டேன், நேரே குடுமியைத்தான் பிடித்திருப்பேன். சார் மன்னிப்புக் கேட்டார். குரூப்பில் எதுவும் எழுதவில்லை, எழுத மாட்டோம், நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். ஆந்தையை எடுத்துவிடுவதாக மேடம் சொன்னாள். நானும், அதான் விஷயம் முடிந்ததே, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றேன்.

அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில்தான் சொன்னாள், எனக்கு அது தமிழிலேயே காதில் விழுந்தது.

“உங்க மேல எனக்குக் கோபம் இல்ல மேடம். ஆனா நாளைக்குப் பாப்பா நெசமாவே என் கையில இருக்கும்போது கீழ விழுந்துடும். பசங்கன்னா விழும். அப்போ நீங்க பாப்பாவை இன்னா கேப்பீங்க?”

அல்போன்சா குழந்தையைத் தூக்கி நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து, முத்தம் கொடுத்து, மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஹன்னா மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்கு மேலேயே செய்தாள். இப்படி ஒரு ஆயா கிடைக்கமாட்டாள் என்று குரூப்பில் அவளே எழுதினாள். அல்போன்சாவுக்கு போன் மேல் போன் வந்தது. பிரான்ஸ்காரர் வீடு, கொரியாக்காரர் வீடு, ஒன்றுக்கும் அவள் போகவில்லை. புருஷன் ஆம்ப்ரோஸ் தலையில் அடித்துக்கொண்டான். இப்போது ஒரு லாண்டரியில் துணி மடிக்கிறாள். பெயர் கெடவில்லையே, அப்புறம் என்ன வீம்பு என்று நானும் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

போன மாசம் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் சிவாஜிநகர் போனோம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் எங்களுக்கு முன்னால் ஓடிய ஒரு சின்னப் பெண் கால் தடுக்கி, சரியாக அல்போன்சாவின் காலடியில் குப்புற விழுந்தாள். எனக்குத் தெரிந்த அல்போன்சா குழந்தை வீறிடுவதற்குள் தூக்கி இடுப்பில் வைத்திருப்பாள். அவள் குனிந்தாள். பாதியில் நின்றாள். தலையைத் தூக்கிக் கடை வாசல்களை, கேமரா மாட்டிய கம்பங்களை, கையில் போனோடு நின்றவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீழே குழந்தை மூச்சு முட்ட அழுதது. நான்தான் குனிந்து அதைத் தூக்கினேன். அல்போன்சா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு தள்ளி நின்றாள்.