பனிமூட்டத்தில் ஆள் தேடும் ரெஜ்

பந்து வடகோடியில் இருக்கிறது. ரெஜ் டூலன் தென்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் கத்துகிற பக்கம் மனிதர் திரும்பவே மாட்டார். "பந்து கையில இருந்தா எவனும் ராஜாதான். இல்லாதப்போ என்ன பண்றான்னு பாக்கணும்," என்பார். மைதானத்தைச் சுற்றிக் கார்கள் வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். பனி இறங்கிவிட்டால் ஆட்டக்காரர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து போவார்கள். கோல் கம்பங்கள் எங்கே என்றே தெரியாது.

பந்தைக் கையிலும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து இது. மெல்போர்னில் அதை ஆடும் ஒரு பெரிய கிளப்புக்கு ஆள் எடுப்பது அவர் தொழில். சனிக்கிழமையானால் எங்கள் பால்பண்ணை ஊர்களைச் சுற்றிக்கொண்டிருப்பார். பனியைக் கண்டால் அவருக்கு ஒரு மயக்கம். என் கேன்டீன் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "அதோ, நான் எடுத்தவனெல்லாம் ஓடுறான் பாரு. கோட்டை விட்டவனும் கூடவே ஓடுறான்," என்று முணுமுணுப்பார். கிளப்பின் இத்தனை வருஷத்துச் சரித்திரமும் அந்த வெள்ளைக்குள் ஓடுகிறதாம்.

"டீயில என்னத்தக் கலந்தேன்னு தெரியலையே!" என்பேன். சிரிக்க மாட்டார்.

யார்மேல் கண் என்று மட்டும் மூச்சுவிட மாட்டார். வருஷக் கடைசியில் கிளப்புகள் வரிசையாக ஆள் எடுக்கும். தோற்ற கிளப்புக்கு முதல் வாய்ப்பு, ஜெயித்த இவர் கிளப்புக்குக் கடைசி. ஒருமுறை ஒரு தகப்பனிடம், உன் பையன்மேல்தான் கண் என்று வாய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவி, வேறொரு கிளப் முந்திக்கொண்டது. அந்தப் பையன் டிவியில் வந்தால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவாராம், பாவம்.

போன சனிக்கிழமை, கேன்டீனில் என்னோடு வேலை செய்யும் நோலீன் அவர்முன் ஒரு ரயில் டிக்கெட்டை வைத்தாள்.

"திங்கக்கிழமை என் பையன் ஷேன் பெர்த்துக்குக் கிளம்பறான். சுரங்க வேலை. போனா ஆட்டம் அவ்வளவுதான். உண்மையச் சொல்லுங்க ரெஜ், அவனப் பாக்கத்தான வர்றீங்க? அனுப்பட்டுமா, வேணாமா?"

பக்கத்திலேயே டக்ளஸ், வேறொரு கிளப்புக்கு ஆள் எடுக்கிறவன், முதுகைக் காட்டிக்கொண்டு காதைத் தீட்டி நின்றான்.

ரெஜ் கையிலிருந்த, கறி அடைத்துச் சுட்ட 'மீட் பை'யை ஒரு கடி கடித்தார். "பெர்த்தா? அருமையான ஊரும்மா. நல்லா வெயில் அடிக்கும். தாராளமா அனுப்பு," என்றார், டக்ளசுக்கும் கேட்கிற மாதிரி.

நோலீன் முகம் செத்துப்போயிற்று. அடப்பாவி மனுஷா என்று நான் வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் அந்த டிக்கெட்டை எடுத்து, விரலில் வழிந்த தக்காளி சாஸை அதில் நிதானமாகத் துடைத்து, கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.